கேயோன் அணுவை அளந்தவள் கல்முனைக்குப் போன கதை

ஓகஸ்ட் மாதம் எங்கள் ஆய்வுகூடம் பூட்டியிருக்கும். இத்தாலியில் அந்த மாதம் வேலை செய்கிறேன் என்று சொன்னால் காய்ச்சலா என்று கேட்பார்கள். மற்றவர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். நான் விடுதியிலேயே இருந்து சோறு காய்ச்சித் தின்றுகொண்டு பழைய தரவுகளைக் கிளறிக்கொண்டிருப்பேன். இந்த வருடம் மட்டும் தங்கச்சி நுஸ்றத்திடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "ஓகஸ்ட்ல வா. ஊடு எழுதோணும்." வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சுகமா என்றுகூட ஒரு சொல் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். பெண் பிறந்தால் தகப்பன் சீமெந்துக்கும் கல்லுக்கும் ஓடத் தொடங்குவார். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். எங்கள் வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். எனக்குச் சாய்ந்தமருதில் தனியாக ஒரு வீடு கட்டினார். இளையவள் நுஸ்றத்துக்கு உம்மா இருந்த வீடு. எனக்குக் கலியாணம் பொருந்தி வரவில்லை. படிப்பு பொருந்தி வந்தது, போய்விட்டேன். வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. இப்போது நுஸ்றத்தின் மகள் சிப்னாவுக்கு நிக்காஹ் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்கிறார்கள், ஒரு வீடு சும்மா கிடக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் யாரிடமும் நான் சொல்லாத ஒன்று இருந்தது. எங்கள் ஆய்வுகூடத்து அளவீடு முடிந்துவிட்டது. டிசம்பரோடு என் ஒப்பந்தமும் முடிகிறது. நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு நாட்டுக்குப் போய் இன்னொரு விடுதி அறையில் பானை வாங்க எனக்குத் தெம்பில்லை. அந்தச் சாய்ந்தமருது வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். மேசையை எந்தச் சன்னலடியில் போடுவது என்பதுவரை மனதுக்குள் தீர்மானித்தாயிற்று. அந்த நேரத்தில்தான் அந்த ஒரு வரி வந்தது. வாறேன் என்று பதில் போட்டேன்.

கொழும்பிலிருந்து கல்முனைக்குக் குளிரூட்டிய பஸ்ஸுக்கு 2,800 ரூபா கொடுத்தேன். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். வலப்பக்கச் சன்னல் வேண்டுமென்று கேட்டு எடுங்கள், விடியும்போது வயல்வெளிகள் அந்தப் பக்கம் அழகாகத் தெரியும். சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன். சிறுபோக அறுவடைக் காலம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அந்த நேரத்திலேயே சூடாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்று கிலோமீற்றரில் சாய்ந்தமருது. நான் அங்கே போகவில்லை. கல்முனையில் ஒரு லொட்ஜில் நாளுக்கு 4,000 ரூபாவுக்கு அறை எடுத்தேன். காரணம் ரோசம்தான். ஆறேழு மாதமாக நுஸ்றத் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அழைத்தால் "வேலையா இரிக்கன்" என்பாள், அல்லது எடுக்கவே மாட்டாள். வீடு கேட்கும்போது மட்டும் நினைவு வருகிறதா என்று எனக்குள் ஒரு கறள். வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுவிடம் திங்கட்கிழமைதான் போக வேண்டும். அதுவரை உல்லாசப் பயணியாகவே இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

லொட்ஜுக்கு எதிர்க் கடையில் புட்டும் மீன் குழம்பும் பிளேன்டீயும் 420 ரூபா. அருமை. அதன்பின் ஒலுவில் துறைமுகம் பார்க்க ஓட்டோ பேசினேன். போக பதினாறு பதினேழு கிலோமீற்றர் இருக்கும். காத்திருந்து திரும்பக் கொண்டுவர 3,500 ரூபா. ஓட்டுநர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். வெற்றிலை போட்ட வாய், நிற்காத கதை. சாய்ந்தமருதைக் கடந்தபோது எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனை வந்து போனது. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீதியோரம் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அவர் அதில் சில்லு படாமல் வளைத்து வளைத்து ஓட்டினார்.

நான் வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று அறிந்ததும், "தங்கச்சி வெளிநாட்டில என்ன வேலை?" என்று கேட்டார்.

"எக்ஸ்ரே அளக்கிற வேலை அண்ணன்."

அவர் ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, இருக்கைக்குக் கீழே கையை விட்டு ஒரு பெரிய மண்ணிற உறையை எடுத்தார். "நல்லதாப் போச்சு. இது என்ட முழங்கால். டொக்டர் ஒண்டுமில்ல எண்டுறார். நீங்க ஒருக்காப் பாருங்க."

இது எனக்குப் புதிதல்ல. ஊரில் எல்லாருக்கும் நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்தான். முன்பொரு முறை பெருநாளைக்கு வந்தபோது உம்மாவின் வீட்டுக்கு முன்னால் மூன்று பேர் நெஞ்சுப் படத்தோடு காத்திருந்தார்கள். உம்மாவும் பெருமையாக அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து இருத்தியிருந்தார். அன்றைக்குச் சிரித்தேன். பிறகு யோசித்தால், பதினைந்து வருடம் நான் செய்த வேலை இன்னதென்று என் இரத்த உறவில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிப் பார்க்கவும் நான் முயன்றதில்லை. முழங்கால் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதாகப் பாவனை செய்தேன். "எனக்கு விளங்காது அண்ணன், இது வேற எக்ஸ்ரே" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"வேற எண்டா?"

துறைமுகத்தில் மீன்படகுகள் கட்டிக் கிடந்தன. வெயிலில் வலை திருத்திக்கொண்டிருந்த இருவரைத் தவிர ஆளரவம் இல்லை. நிழல் தேடி ஒரு சுவரோரம் இருந்தோம். அவர் விடுகிற ஆளில்லை. சரி, சொல்லித்தான் பார்ப்போமே என்று தொடங்கினேன். முதல் தடவையாகத் தமிழில்.

அணுவின் நடுவில் ஒரு கரு. அதைச் சுற்றி எலெக்ட்ரோன். அது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நாங்கள் அந்த எலெக்ட்ரோனின் இடத்தில் வேறொரு துகளை வைக்கிறோம். அதற்குப் பெயர் கேயோன். எலெக்ட்ரோனைவிட மிகப் பாரமானது, ஆயுள் மிகக் குறைவு. அது கருவிடம் அகப்பட்டதும் படி இறங்குவதுபோல் ஒவ்வொரு மட்டமாகக் கீழே விழும். விழும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு எக்ஸ்ரே வெளிச்சம் விடும். மின்கவர்ச்சி மட்டும்தான் உண்டு என்றால் அந்த வெளிச்சத்தின் சக்தி எவ்வளவு இருக்க வேண்டும் என்று எங்களால் துல்லியமாகக் கணக்கிட முடியும். ஆனால் கடைசிப் படியில் கேயோன் கருவுக்கு மிகக் கிட்டப் போய்விடுகிறது. அங்கே மின்கவர்ச்சியைவிடப் பலமான இன்னொரு விசை இருக்கிறது. கருவையே கட்டி வைத்திருக்கும் விசை அது. அதனால் வெளிச்சம் கணக்கிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் விலகி விழும். எவ்வளவு விலகியது, எவ்வளவு பரந்தது என்று அளந்தால் அந்த விசையைப் பற்றித் தெரியும். ஒவ்வொரு முறையும் டைட்டானியத் தகடு, செம்புத் தகடு இவற்றின் வெளிச்சத்தை அளந்து எங்கள் அளவுகோல் நகரவில்லை என்று உறுதிசெய்வோம். இதற்காகத்தான் இரவுபகலாக விழித்திருந்தோம்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தக் கேயோன் கடைசில என்ன ஆகும்?"

"கரு அத விழுங்கிடும். கேயோனா இரிக்காது. மிச்சக் கேயோனெல்லாம் கடைசிப் படிக்கு வர முந்தியே போயிடும்."

"அப்ப நீங்க அதக் கண்டதே இல்லையா?"

"இல்ல. போகக்குள்ள விட்ட வெளிச்சத்தத்தான் கண்டம்."

"பாவம்தான்" என்றார். கேயோனையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

ஐதரசன் அணுவில் நடக்கும் விசித்திரத்தையும் சொன்னேன். அங்கே அந்தப் பலமான விசை கேயோனை உள்ளே இழுக்கிறது. ஆனால் அளந்து பார்த்தால் வெளிச்சம் தள்ளிவிட்ட பக்கம் நகர்ந்திருக்கும். முந்தைய காலத்தில் சில குழுக்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்ததாக அளந்துவிட, பல வருடம் குழப்பமாகக் கிடந்தது. பிறகு கவனமாக அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. இழுப்பு அளவுக்குமேல் பலமாக இருந்தால் வெளியில் தள்ளுவதுபோலத்தான் காட்டும். கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

"இதுக்கு இவ்வளவு மிசினா?" என்று அவர் பெரிதாகச் சிரித்தார். "என்ட மனிசியக் கேட்டிருந்தாச் செல்லியிருப்பா."

நானும் சிரித்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சுவரடியில்தான். திரும்பும்போது சாய்ந்தமருதில் நிறுத்தவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். லொட்ஜ் அறையில் மின்விசிறியைப் பார்த்தபடி மாலை முழுவதும் படுத்திருந்தேன். பிறந்த ஊரில் அறை எடுத்துத் தங்குவது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பாங்கு சொல்லும் குரல் பழக்கமானது, வீதியின் வாசனை பழக்கமானது. என்னைத் தேடி வர மட்டும் ஒருவரும் இல்லை.

இந்தக் கரையில் இரகசியம் ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதை மறந்துவிட்டேன். ஞாயிறு காலை லொட்ஜ் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சிப்னா ஓட்டி வந்திருந்தாள். பின்னாலிருந்து நுஸ்றத் இறங்கினாள். மெலிந்திருந்தாள்.

"ஊருக்குள்ள வந்து லொட்ஜில நிக்கிறயாம். ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"நீ ஊட்ட வரச் செல்லல்லயே."

"ராத்தாக்கு வரச் செல்லோணுமா?" என்றாள். எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். என் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கட்டிப்பிடிக்கவுமில்லை, அழவுமில்லை. சிப்னா ஸ்கூட்டியில் முன்னே போக, நாங்கள் பிடித்த ஓட்டோவில் அவள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் மறுபக்கம்.

என் வீட்டை அவள்தான் திறந்து காட்டினாள். நான் பூட்டிவிட்டுப் போன வீடு அது இல்லை. முன்னறைக்கும் பெரிய அறைக்கும் வெள்ளையடித்து, தரைக்கு மாபிள் பதித்திருந்தார்கள். பின்பக்கம் தெற்கே இருந்த சின்ன அறைக்கு வளவுப் பக்கமாகத் தனிக் கதவு வெட்டி, ஒரு சின்னக் குளியலறையும் கட்டியிருந்தார்கள். "இது யாருக்கு?" என்று கேட்டேன். "மேசன்மார் நிக்காங்க, பொறகு கதைப்பம்" என்று நுஸ்றத் நகர்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் தாய்க்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் மேசை போட நினைத்திருந்த சன்னலடியில் மணப்பெண்ணின் அலுமாரி வந்து நின்றது. நான் இங்கே வரவிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சிப்னா அந்த அலுமாரிக் கண்ணாடியில் கைரேகையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அவளிடம் எப்படிச் சொல்வது? விழுங்கிக்கொண்டேன்.

நொத்தாரிசுவின் அலுவலகம் கல்முனைப் பிரதான வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் போனோம். நான், நுஸ்றத், சிப்னா, சாட்சிக்கு அயலவர் இருவர். இந்த நாட்டில் நன்கொடை உறுதிப் பத்திரத்தில் கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மூச்சுவிடாமல் வாசிக்கத் தொடங்கினார். வடக்கு எல்லை இன்னாருடைய வளவு, கிழக்கு எல்லை ஒழுங்கை என்று போய்க்கொண்டிருந்தது. நான் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டினால் வைத்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறும் எண்ணத்தில் இருந்தேன்.

"...நன்கொடையாளி தனது சீவிய காலம் முழுவதும் மேற்படி வீட்டின் தெற்குப் பக்க அறையில் தடையின்றி இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொண்டு..."

"கொஞ்சம் நில்லுங்க," என்றேன். "அது என்ன?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வீடு பிள்ளைக்கு. ஆனா நீங்க மௌத்தாகுமட்டும் அந்த அறையில இரிக்கிற உரித்து உங்களுக்கு. அத ஒருத்தரும் மறுக்கேலா. பிள்ளை வித்தாலும் அந்த உரித்து போகாது. தங்கச்சி இப்படித்தான் எழுதச் சென்னாங்க."

நான் நுஸ்றத்தைப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை ஊட்டாக்கள் இதுக்குச் சம்மதமா?"

"முதல்ல இல்ல," என்றாள் சிப்னா. "ஆர்ர உரித்தும் இல்லாத ஊடு தாங்க எண்டுதான் நிண்டாங்க. உம்மா ஏலா எண்டுட்டாங்க. ரெண்டு தரம் பேச்சு முறிஞ்சி போய்த்தான் திரும்ப வந்தாங்க, பெரியும்மா."

"எனக்கு ஒரு சொல்லுச் செல்லியிருக்கலாமே நுஸ்றத்."

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொங்கிவிட்டது. "என்னெண்டு செல்ற? உன்ட குரலக் கேட்டா நான் அழுதிடுவன். அழுதா நீ ஏன் எண்டு கேப்பாய். கேட்டாச் செல்லோணும். சென்னா நீ, எனக்கு ஒண்டும் வேணாம், அந்தப் புள்ளைக்கே குடுங்க எண்டு பெரிய மனிசி மாதிரிக் கதைப்பாய். உன்ன எனக்குத் தெரியாதா? அதால போனையே எடுக்கல்ல."

அவள் சொன்னது சரி. அந்த இடத்திலும் நான் அதைத்தான் செய்தேன். "அந்த வரிய எடுத்திடுங்க. பிள்ளைட கலியாணம் நல்லபடியா நடக்கட்டும்" என்று நொத்தாரிசுவிடம் சொன்னேன்.

"எடுத்தா இந்த நிக்காஹ் வேணாம்," என்றாள் நுஸ்றத். சாட்சிக்கு வந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். "வாப்பா உனக்கெண்டு கட்டின ஊடு. நீ மாப்பிள்ளை எடுக்கல்ல எண்டதுக்காக உனக்கு ஊடில்ல எண்டு ஆகுமா? நாளைக்கு வயசு போனா எங்க போய் நிப்பாய்? லொட்ஜிலயா?"

நாங்கள் இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தோம். நொத்தாரிசு பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். இடையில் சிப்னா எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். "எங்க வெக்கிற சேர்?" என்று கேட்டு, ஏற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்துவிட்டாள். "கொடுக்கிற ஆள்தான் முதல்ல வெக்கோணும் மகள்" என்று நொத்தாரிசு தலையிலடித்துக்கொண்டார். உறுதியைப் புதிதாக எடுத்து எல்லாம் முதலிலிருந்து. அவர் இரண்டாம் முறையும் முழுவதையும் வாசித்தார். அந்த வரி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் கண்ணீர் உறுதியில் விழாமலிருக்கக் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள் நின்றேன். கட்டிலில்லாத அந்தத் தெற்கு அறையில் பாய் போட்டுப் படுத்தேன். ஒருநாள் நுஸ்றத் நல்ல தயிர் வாங்க என்னைச் சொறிக்கல்முனைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் அவளுக்கும் கேயோன் கதையைச் சொன்னேன். பாதியில் "தயிர்ச் சட்டியச் சரிக்காம பிடி" என்றாள். என் வேலை அவளுக்கு விளங்கவில்லை. இனி விளங்கும் என்றும் நான் நம்பவில்லை. அந்தத் தனிமை ஒன்றும் தீரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீராத இன்னொன்றும் உண்டு. வீடு இருந்தாலும் ஊரில் எனக்கு இடமில்லை, அதனால்தான் போகவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரர் தள்ளிவிட்டார்கள் என்ற கோபம் ஒரு வகையில் துணையாக இருந்தது. இப்போது அதுவும் என்னிடம் இல்லை. போகாவிட்டால் அது நான் போகாததுதான். உண்மையைச் சொன்னால் இது எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மணிவரை ஜும்ஆ நேரம். கடையும் இல்லை, ஓட்டோவும் இல்லை. அதற்கு முன்பே சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கரைப்பற்றுவரை போகிறவர்கள் ஓட்டோவை விட்டு பஸ்ஸில் போங்கள், அடிக்கடி உண்டு. ஓகஸ்டில் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். கரையோரத்தில் அடக்கமான உடை உடுத்தினால் எல்லாரும் சிரித்த முகத்தோடு கதைப்பார்கள். எக்ஸ்ரே என்ற சொல்லை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

எந்த மாதத்தில் போனாலும் டிசம்பரில் போகாதீர்கள். மாரி மழை. கடல் கலங்கியிருக்கும், படகு ஓடாது, வயலெல்லாம் வெள்ளம், சில நாள் வீதியே தெரியாது. பார்க்க ஒன்றுமே இருக்காது. நான் டிசம்பர் கடைசிக்கு விமான ரிக்கற் எடுத்துவிட்டேன். பார்க்கப் போகவில்லை, இருக்கப் போகிறேன்.